பழைய கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ்: அவதூறு வழக்கை எதிர்கொள்ள முழு வழிகாட்டி

ஸ்பீட் போஸ்ட் கவரைப் பிரிக்காமலேயே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார் அவர். பல்லடம் பக்கம் ஒரு மில்லில் எட்டு வருடம் கணக்குப் பார்த்தவர். வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே நான்கு பக்கம். “என் கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் உள்நோக்கத்துடன்” என்று தொடங்கி, 15 நாளில் பகிரங்க மன்னிப்பு, தவறினால் ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடு, அதுபோகக் கிரிமினல் வழக்கு என்று முடிந்தது. காரணம் ஒரு ஃபேஸ்புக் பதிவு: “பி.எஃப். பணத்தைத் திருடித் தின்கிற கம்பெனி. எம்.டி. ஒரு நம்பர் ஒன் ஃபிராடு.”

“ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லைங்க சார், பாஸ்புக்கைப் பாருங்க” என்றார். பார்த்தேன். சம்பளத்தில் ஏழு மாதம் பிடித்த பணம் ஏறவே இல்லை.

“பொய் இல்லைங்க. யார்கிட்ட சொன்னீங்க?” என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை.

இதே விஷயத்தை அவர் பி.எஃப். அலுவலகத்துக்கும் மனுவாக அனுப்பியிருந்தார். அந்த மனுவைப் பற்றி நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை. அதில் கைவைக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரியும். விஷயம் ஒன்றுதான். ஒன்றை அதிகாரியிடம் சொன்னார், இன்னொன்றை ஊருக்குச் சொன்னார். முன்னாள் ஊழியருக்கும் முதலாளிக்கும் நடக்கும் அவதூறு வழக்குகளில் பாதி இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. எனவே கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எதையும் அழிக்காதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள்

நோட்டீஸ் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். பயந்துபோய்ப் பதிவை அழிப்பார்கள். இல்லாவிட்டால் நோட்டீஸையே படம் எடுத்து “பாருங்கள், மிரட்டுகிறார்கள்” என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள். இரண்டாவது, இன்னொரு பிரசுரம், அதாவது மூன்றாம் ஆட்களுக்கு மறுபடி சொல்வது. வழக்கில் இன்னொரு பத்தி சேரும், அவ்வளவுதான்.

முதலில் கவரின் மேல் வந்த தேதியை எழுதி, கவரோடு பத்திரப்படுத்துங்கள். பதிவை இணைய முகவரி, நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கீழே வந்த கருத்துகளையும் எடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது நாளைக்கு நஷ்டஈட்டுக் கணக்கில் வரும். வாட்ஸ்அப் என்றால் அரட்டை முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பதிவு போட்ட போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆவணம் நீதிமன்றத்தில் ஏற வேண்டுமானால் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவில் சொன்ன சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக்கூட (கோப்பு மாறவில்லை என்று காட்டும், அதன் கைரேகை போன்ற எண்) குறிக்க வேண்டும். ஃபார்வர்டு ஆகி ஃபார்வர்டு ஆகி வந்த மங்கலான படம் அங்கே நிற்காது.

இவ்வளவும் எடுத்து வைத்த பிறகு பதிவை நீக்கலாமா? என் யோசனை: வசவு இருந்தால் நீக்கிவிடுங்கள். “எடுத்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். “எங்கள் உரிமைகளுக்குப் பங்கமின்றி நீக்குகிறோம்” என்று பதில் நோட்டீஸில் ஒரு வரி போட்டால் ஆகாது.

அப்புறம், பழைய எச்.ஆர். நம்பருக்கு போன் போட்டு “ஏன் சார் இப்படிப் பண்றீங்க” என்று பேசுவது. வேண்டாம். பதிவாகிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: எந்த வழக்கு என்று பிரித்துப் பாருங்கள்

பேச்சில் மானநஷ்டம், அவதூறு என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். கோர்ட்டில் இரண்டு தனித்தனிப் பாதை உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் போடவும் முடியும்.

சிவில் பாதையில் கேட்பது பணமும் தடையாணையும். காலவரம்பு ஒரே ஒரு வருடம். 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 75, 76-ஆம் இனங்கள் அப்படிச் சொல்கின்றன. எழுத்தில் வந்தது என்றால் பிரசுரமான நாளிலிருந்து எண்ண வேண்டும். எங்கே போடலாம் என்பதற்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஓர் உதாரணமே தருகிறது: டெல்லியில் குடியிருப்பவர் கல்கத்தாவில் அவதூறு பிரசுரித்தால், பாதிக்கப்பட்டவர் இரண்டு ஊரில் எங்கு வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். ஆகவே நீங்கள் பெங்களூரில் இருந்தாலும் கோவையிலிருந்து சம்மன் வரக்கூடும்.

கிரிமினல் பாதை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகளாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. அதிகபட்சம் 2 வருட வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டம் சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்திருக்கிறது. கிரிமினல் அவதூறு செல்லாது என்று கேட்டவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல், சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், செல்லும் என்று சொல்லிவிட்டது. (இலங்கையில் இதை 2002-லேயே ஒழித்துவிட்டார்கள். இங்கே இன்னும் இருக்கிறது.)

“போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுமா?” என்று கேட்காதவர் இல்லை. போகாது. இது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் அல்ல. பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும், அதுவும் 3 வருடத்துக்குள். ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். சமரசமும் ஆகலாம். ஸ்டேஷனிலிருந்து “கம்பெனி புகார் கொடுத்திருக்கிறது, வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போ” என்று போன் வந்தால், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ என்று யாராவது சொன்னால், அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது.

கம்பெனிக்கு மானம் உண்டா என்றும் சிலர் கேட்பார்கள். சட்டப்படி உண்டு. 356-இன் இரண்டாவது விளக்கம் கம்பெனியையும் சங்கத்தையும் சேர்த்துக்கொள்கிறது.

மூன்றாம் படி: யாரிடம் சொன்னீர்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் அந்த விஷயத்தைச் சொன்ன எல்லா இடங்களையும் எழுதுங்கள். மேலதிகாரிக்கு அனுப்பிய மெயில், அதில் சிசி வைத்த ஆட்கள், தொழிலாளர் அலுவலர், பி.எஃப். குறைதீர் தளம், பழைய டீம் வாட்ஸ்அப் குரூப், லிங்க்ட்இன், கூகுள் ரிவ்யூ, டீக்கடை. ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு கேள்வி: இந்த விஷயத்தில் நடவடிக்கை எடுக்க இவருக்கு அதிகாரம் இருக்கிறதா?

356-ஆம் பிரிவுக்குப் பத்து விதிவிலக்குகள் உண்டு. நம் மாதிரி வழக்கில் நான்குதான் திரும்பத் திரும்ப வரும். எட்டாவது: அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகார் அவதூறு ஆகாது. பி.எஃப். ஆணையர், தொழிலாளர் துறை, கம்பெனியின் விஜிலன்ஸ் பிரிவு எல்லாம் இதில் அடங்கும். ஒன்பதாவது: தன் நலனையோ மற்றவர் நலனையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு சொன்னது. ஏழாவது முதலாளிக்கு உதவும். மேலதிகாரி தனக்குள்ள அதிகாரத்தில் நல்லெண்ணத்தோடு கண்டித்தால் அவதூறு இல்லை. முதலாவது, உண்மை. ஆனால் கிரிமினலில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். சிவிலில் உண்மை ஒன்றே போதும்.

நல்லெண்ணம் என்றால் நல்ல மனசு என்று அர்த்தம் இல்லை. சட்டத்தின் அகராதியில் தக்க கவனத்தோடு செய்வதுதான் நல்லெண்ணம். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு எழுதினால் கவனம். “எல்லோரும் சொன்னார்கள், நானும் எழுதினேன்” என்பது கவனம் அல்ல.

பொதுவெளியில் சொன்னாலே தோற்றுவிடுவோம் என்றும் இல்லை. பத்திரிகையாளர் பிரியா ரமணியின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் வேலைக்கான நேர்காணலுக்குத் தன்னை மும்பை ஹோட்டல் அறைக்கு அழைத்த பத்திரிகை ஆசிரியரைப் பற்றி 2017-இல் பெயர் சொல்லாமல் ஒரு பத்திரிகையில் எழுதினார். 2018 அக்டோபர் 8-ஆம் தேதி ட்விட்டரில் பெயரைச் சொன்னார்: எம்.ஜே. அக்பர். அப்போது மத்திய இணை அமைச்சர். ஒரே வாரத்தில் அக்பர் கிரிமினல் அவதூறுப் புகார் கொடுத்தார். 2021 பிப்ரவரி 17-இல் டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல பத்தாண்டுகள் கழித்தும், தான் விரும்பிய மேடையில் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று நீதிபதி எழுதினார். அந்தச் சம்பவம் நடந்த காலத்தில் புகார் கொடுக்க, பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகளோ சட்டமோ இல்லை என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார். போய்ச் சொல்ல ஓர் இடமே இல்லாதபோது பொதுவெளிதான் இடம். அக்பர் மேல்முறையீடு செய்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்றைக்குப் பணியிடப் பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி உள்ளகக் குழு இருக்கிறது. அங்கே புகார் கொடுத்துவிட்டு அதன் நகலை வெளியிடுவதில்தான் ஆபத்து. புகாரின் உள்ளடக்கம், இரு தரப்பின் அடையாளம், விசாரணை விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது. இது கம்பெனிக்கும் பொருந்தும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அது பொய்ப் புகார் ஆகிவிடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மிரட்டினால் அந்த வரியைக் காட்டுங்கள்.

“நான் எழுதவில்லை, ஷேர்தான் செய்தேன்” என்பது ஓடாது. எஸ்.வி. சேகர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் சமூக வலைதளச் செய்தியை வில்லிலிருந்து கிளம்பிய அம்புக்கு ஒப்பிட்டது. அனுப்பியவர்தான் பொறுப்பு.

“பெயர் போடாமல் எழுதினேன்” என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. நியூசிலாந்தின் ஜூரு பொம்மைக் கம்பெனி, ஊழியர்கள் தங்கள் கம்பெனிகளை விமர்சிக்கும் கிளாஸ்டோர் தளத்தில் அநாமதேயமாக எழுதிய முன்னாள் ஊழியர்களின் அடையாளத்தைத் தரச் சொல்லி கலிஃபோர்னியாவில் 2022-இல் உத்தரவு வாங்கியது. வேறு நாட்டு நீதிமன்றத்தில் கேட்டே வாங்கிவிட்டார்கள்.

நான்காம் படி: வாக்கியத்தை வெட்டிப் பாருங்கள்

எங்கள் மில் கணக்காளரின் பதிவுக்கு வருவோம். “பி.எஃப். பணத்தைத் திருடித் தின்கிற கம்பெனி.” இதில் உள்ள உண்மை என்ன? ஏழு மாதம் பிடித்தார்கள், கட்டவில்லை. அதை அப்படியே எழுதியிருந்தால் நோட்டீஸே வந்திருக்காது. “திருடி” என்ற சொல்தான் வம்பு.

ஆனால் பாருங்கள், சட்டம் இங்கே அவருக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. தொழிலாளியின் பி.எஃப். பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால், அது நேர்மையின்றிப் பயன்படுத்தியதாகவே கொள்ளப்படும் என்று நம்பிக்கை மோசடிக் குற்றத்தின் முதல் விளக்கம் சொல்கிறது. பழைய சட்டத்தில் 405, இப்போது 316. “திருட்டு” சட்டப்படி சரியான சொல் இல்லைதான், ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை. “நம்பர் ஒன் ஃபிராடு”க்கு அப்படி எந்த ஆதரவும் இல்லை. எம்.டி. தனிப்பட்ட முறையில் என்ன செய்தார் என்று இவருக்குத் தெரியாது.

இதே மாதிரி நோட்டீஸில் குறிப்பிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றாகப் பிரியுங்கள்: ஆதாரம் உள்ள தகவல், உங்கள் கருத்து, வெறும் வசவு. முதலாவதைக் கடைசி வரை பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, தகவலோடு சேர்ந்து நின்றால் தப்பிக்கும். மூன்றாவதை விட்டுக்கொடுப்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

நோட்டீஸையும் இதே மாதிரி வெட்டுங்கள். என்ன சொன்னீர்கள் என்று அதே வார்த்தைகளில், எந்தத் தேதியில், யார் படித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா? “பல அவதூறான கருத்துகளைப் பரப்பி வருகிறீர்கள்” என்று மட்டும் இருந்தால் அது மிரட்டல் நோட்டீஸ்தான்.

ஐந்தாம் படி: பதில்

பதில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் கொடுங்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் “நோட்டீஸுக்கு ஏன் மௌனமாக இருந்தீர்கள்?” என்ற கேள்வி நிச்சயம் வரும்.

பதில் இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். ஆதாரமுள்ள தகவல்கள் தேதியோடு, எந்த அதிகாரியிடம் எப்போது புகார் கொடுத்தீர்கள், பதிவை நீக்கியிருந்தால் அது எந்த நிலையில், உங்களுக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு. போதும். கோபத்தில் பத்துப் பக்கம் எழுதி புதிதாக ஒரு குற்றச்சாட்டைச் சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோடிக் கணக்கைப் பார்த்து நடுங்க வேண்டாம். தமிழ்நாட்டு சிவில் நீதிமன்றங்களில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு கோடி கேட்டால் 3 லட்சம் முன்பணமாகப் போகும். நோட்டீஸில் கோடி எழுதக் காசு வேண்டாம். வழக்காகப் போடும்போது அந்தத் தொகை சுருங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எதிர்த்தரப்பு உங்களைக் கேட்காமலே தடையாணை வாங்கிவிடுவார்கள் என்று தோன்றினால், சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவில் கேவியட் மனு போட்டு வையுங்கள். 90 நாள் செல்லும். அப்புறம் உங்களுக்குத் தெரியாமல் உத்தரவு போட மாட்டார்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், 15100 எண்ணிலும் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமலே இலவச உதவி உண்டு.

ஆறாம் படி: வழக்கே வந்துவிட்டால்

சிவில் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் எதிருரை, அதாவது உங்கள் எழுத்துப்பூர்வ பதில், தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அனுமதித்தால் 90 வரை. இடைக்காலத் தடை கேட்டால் ப்ளூம்பெர்க்–ஜீ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னதை உங்கள் வக்கீல் எடுத்துக்காட்டுவார்: முழு விசாரணை நடக்கும் முன்பே வாயை அடைக்கும் ஆணையைச் சுலபத்தில் தரக் கூடாது.

கிரிமினலில் புதிய நடைமுறைச் சட்டம் ஒரு நல்லது செய்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவுப்படி, புகாரைக் கோப்புக்கு எடுக்கும் முன்பே மாஜிஸ்திரேட் உங்களுக்குப் பேச வாய்ப்பு தர வேண்டும். அந்த நோட்டீஸை “இன்னும் வழக்கு ஆகவில்லையே” என்று அலட்சியம் செய்யாதீர்கள். அங்கேயே எட்டாவது விதிவிலக்கைக் காட்டி முடித்துக்கொள்ள முடியும். முடியாவிட்டால் 528-ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. வெளியூர் என்றால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வருவதிலிருந்து விலக்கு கேளுங்கள்.

அவதூறு உங்கள் மேல் என்றால்

இதுவரை சொன்னது கம்பெனி தொடுக்கும் வழக்கு. மறுபக்கமும் நடக்கிறது. தினசரியின் ஓரத்தில் போட்டோவோடு “படத்தில் காண்பவர் எங்கள் நிறுவனத்தில் தற்போது பணியில் இல்லை, இவரிடம் வரவு செலவு வைத்துக்கொள்ள வேண்டாம்” என்று கட்டம் கட்டிய விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அந்த அளவோடு நின்றால் ஒன்பதாவது விதிவிலக்கு முதலாளியைக் காக்கும். “பண மோசடி செய்து தலைமறைவானவர்” என்று சேர்த்தால், நிரூபிக்க வேண்டியது அவர் வேலை. வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் கேஷியரின் ஆதார் கார்டைப் போட்டு “இவனை யாரும் வேலைக்கு வைக்காதீர்கள்” என்பது இன்னும் மோசம்.

ஐ.டி. கம்பெனிகளில் இது வேறு உருவத்தில் வரும். ராஜினாமா செய்து நோட்டீஸ் பீரியடில் சண்டை வந்தால், அடுத்த கம்பெனி விசாரிக்கும் வெரிஃபிகேஷன் படிவத்தில் “அப்ஸ்காண்டிங்” (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் அடுத்த வேலை போய்விடும். பிரச்சினை, சாட்சிதான். புதிய கம்பெனி அந்த அறிக்கையைக் கையில் தராது. எனவே ஆஃபர் ரத்தானால் காரணத்தை மெயிலில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்த மெயில் இல்லாமல் என்னிடம் வந்து பிரயோஜனம் இல்லை. ஒரு வருடக் கெடு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

பணிநீக்கக் கடிதமும் அவதூறாகலாம். டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் விப்ரோ வழக்கில் அதைத்தான் சொன்னது. கடிதத்தில் இருந்த, தீய நடத்தை என்று பொருள்படும் சொற்களுக்கு ஆதாரம் இல்லை என்று கண்டு, முன்னாள் ஊழியருக்கு 2 லட்ச ரூபாயும் அந்தச் சொற்கள் இல்லாத புதிய கடிதமும் தரச் சொன்னது. கடிதம் அவர் கைக்கு மட்டும்தானே போனது, பிரசுரம் எங்கே என்ற கேள்விக்கு, அடுத்த வேலைக்கு அவரே அதைக் காட்டியாக வேண்டிய கட்டாயம் இருக்கிறதே என்பது பதில். அவர் கேட்டது 2 கோடிக்கு மேல். கிடைத்த பணத்தைவிட அந்தப் புதிய கடிதம்தான் பெரிது என்பது என் எண்ணம்.

முதலாளி படித்துக்கொண்டிருந்தால்

வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்வது அபூர்வம். நாற்பது பேர் பார்த்த பதிவை நாலாயிரம் பேர் பார்க்க வைப்பது உங்கள் வழக்குதான். கூண்டில் ஏறியதும் உங்கள் சம்பளப் பதிவேடும் பி.எஃப். சலானும் குறுக்கு விசாரணைக்கு வரும். பெரிய இடத்திலேயே இது எங்கே முடிந்தது? 2016-இல் டாடா குழுமக் கம்பெனிகளின் இயக்குநர் பொறுப்பிலிருந்து தன்னை நீக்கிய தீர்மானத்தின் பேரில் தொழிலதிபர் நுஸ்லி வாடியா, ரத்தன் டாடா மீது அவதூறு வழக்குப் போட்டார். மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில், அவதூறு செய்யும் எண்ணம் இல்லை என்று டாடா தரப்பு சொன்னதும், 3,000 கோடி நஷ்டஈட்டு வழக்கையும் சேர்த்து வாடியா வாபஸ் வாங்கினார். மூன்று வருடத்துக்கு மேல், ஒரே ஒரு வாக்கியத்துக்கு.

வாடிக்கையாளர் ரகசியத்தை வெளியிட்டார், போலி ஆவணம் பரப்பினார் என்றால் கதை வேறு. அங்கே தாமதிக்காதீர்கள்.

கடைசிப் படி: சமரச மனுவில் எழுத வேண்டியவை

பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். மனுவை அவசரத்தில் எழுதினால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள். “இரு தரப்பும் ஒருவரையொருவர் விமர்சிக்க மாட்டோம்” என்ற பத்தி கட்டாயம் இருக்கும். அதோடு “சட்டப்படியான அதிகாரிகளிடம் புகார் கொடுப்பதையோ சாட்சி சொல்வதையோ இது தடுக்காது” என்று சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுத்தால் ஏன் என்று யோசியுங்கள். எந்த இணைப்பில் உள்ள பதிவு, எத்தனை மணி நேரத்தில் நீங்கும், மன்னிப்பா வருத்தமா, அதன் வாசகம் என்ன என்பதெல்லாம் மனுவிலேயே இருக்க வேண்டும்.

எங்கள் கணக்காளர் “ஃபிராடு” என்ற சொல்லுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்தார். பி.எஃப். பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஏழு மாதப் பாக்கியும் ஏறிவிட்டது. கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் ஒரு வரி கேட்டார்: அடுத்த கம்பெனி விசாரித்தால், சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவி, கடைசிச் சம்பளம் இந்த நான்கை மட்டும் சொல்ல வேண்டும், அதையும் மனுவில் குறித்த ஒரே மெயில் முகவரியிலிருந்துதான் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுதிச் சேர்த்தார். அதற்குப் பிறகு நான் எழுதும் எல்லாச் சமரச மனுவிலும் அந்த வரி இருக்கிறது.